நூல் இல்லாத துணி

கோபம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். புத்தி மெதுவாகப் பின்னால் நடந்து வரும். எண்பத்தொன்பதாம் வருடம் மாசி மாதம், என் தம்பி சுப்பையனின் நிச்சயதார்த்தத்தன்று கொமரலிங்கத்தில் அப்படித்தான் ஆயிற்று.

வெற்றிலை பாக்கு மாற்றி முடித்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். பெண்ணின் பெரியப்பா பொன்னுச்சாமி, தாராபுரத்தில் பஞ்சு மண்டி வைத்திருப்பவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேச்சை ஆரம்பித்தார்.

"மாப்பிள்ள பருத்திய அழிச்சுப் போட்டு மல்பெரி வெச்சிருக்கறாராமா. பட்டுப்பூச்சி வளக்கறாராமா."

"ஆமாங்க மாமா," என்றான் சுப்பையன்.

"ஐப்பசியில பூச்சியெல்லாம் கூட்ட ஓட்ட போட்டுட்டு வெளிய வந்துருச்சுன்னாங்களே. நெசந்தானுங்களா?"

நிஜம்தான். அவன் முட்டை வாங்கிப் பொரிக்கவிட்டு வளர்த்த முதல் ஈடு அது. கூடு கட்டி முடிந்த நேரத்தில் மழை கொட்டி, அமராவதி பொங்கி, பாதை அடைபட்டுப் போயிற்று. கூட்டைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியவில்லை. உள்ளே இருந்த புழு பூச்சியாகி, கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிட்டது. துளை விழுந்த கூட்டில் இழை அறுந்துபோகும். அதிலிருந்து நூல் எடுக்க முடியாது. யாரும் வாங்க மாட்டார்கள். வந்தது வெள்ளம், இவன் என்ன செய்வான்? அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. "அப்ப ஓட்டக்கூட்டு மாப்பிள்ளன்னு சொல்லுங்க" என்றார் பொன்னுச்சாமி. சபையே சிரித்தது. சுப்பையன் தலையைக் குனிந்து, காபித் தம்ளரின் அடியில் எதையோ தேடுகிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது.

"மாமா, அந்த ஓட்டக் கூட்டுலயே துணி பண்ணி, இணைச்சீருக்கு என்ற தோள்ல போட்டுட்டு நிப்பனுங்க. முன்னாடி உக்காந்து பாருங்க," என்றேன்.

"நூல் வராத கூட்டுல எப்புடிக் கண்ணு துணி நெய்வே?"

"அது என்ற பாடுங்க."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. கூறைச்சேலை வைத்த மூங்கில் பேழையை ஏந்திக்கொண்டு, மாப்பிள்ளைக்கு இணையாக அவனுடைய கூடப்பிறந்தவள் நிற்க வேண்டும். சொந்தபந்தம், ஒறம்பரை மொத்தமும் அப்போது அவளைத்தான் பார்க்கும். வெறும் தோளோடு போய் நின்றால் என் மானம் போவது கிடக்கட்டும், ஓட்டக்கூட்டு மாப்பிள்ளை என்ற பெயர் தம்பியின் முதுகில் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதைவிட என்னை உறுத்தியது வேறு. சபை சிரித்தபோது கல்யாணப் பெண் வேலாத்தாள் கதவோரம் நின்றிருந்தாள். அவளும் சிரித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிக்கொள்கிறவளும் சிரித்திருந்தால் என் தம்பி எந்த வீட்டில் போய்த் தலை நிமிர்வான்?

திருப்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில், தம்பியிடம் வாங்கி வந்த ஓட்டைக் கூட்டு மூட்டை என் மடியில் இருந்தது. அதன் நாற்றம் தாங்காமல் முன் சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் எழுந்து போக முடியாத இடத்தில் இருந்தார்.

"ஏ மயிலா, வாய்ல பேசீட்டே. கையில என்ன பண்ணுவே?" என்றார்.

"பேசாம வாங்க. நானே ரோசன பண்ணிட்டு இருக்கறன்," என்றேன். ஒரு யோசனையும் இல்லை.

திருப்பூர் வீரபாண்டியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி எங்களுடையது. அவருக்குப் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை. அடுத்த வீட்டில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த கருத்தம்மா. நானும் அவளும் கம்பெனியிலிருந்து வரும் பீஸ்களை வீட்டில் வைத்துப் பிசிறு வெட்டிக் கொடுப்போம். ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு சண்டையாவது போடுவோம். அது இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

மறுநாளே சோப்புச் சீவிப் போட்டுக் கூட்டைக் கொதிக்க வைத்தோம். பசை கரைந்து, உள்ளே கிடந்த கசடையெல்லாம் அலசியதும், கூடு பஞ்சு போல இளகிவிட்டது. ஓட்டை வழியாக விரலை விட்டு, கவிழ்த்த கிண்ணத்தின் மேல் இழுத்தால் விரிகிறது, விரிகிறது, விரிந்துகொண்டே போகிறது. தோசை அகலத்துக்கு வந்தும் கிழியவில்லை. ஊதினால் பறக்கிறது. வெயிலில் பிடித்தால் கண்ணைக் கூசுகிறது. கருத்தம்மா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு எடுக்கவே மாட்டேன் என்றாள். எனக்கு அப்போதே பாதி ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் அது துணியாக மாட்டேன் என்றது. அடுக்கடுக்காக வைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, தேய்த்து, மிதித்து, பாறாங்கல்லை வைத்து அழுத்தி, என்னென்னவோ செய்து பார்த்தோம். காய்ந்ததும் ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. பட்டுக்குப் பட்டைப் பிடிக்கவில்லை.

அந்த வாரம் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலத் துணி ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கலர் பார்க்கக் கொடுத்துவிட்ட துண்டாம். கலர் ஓகே ஆனதும் குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

"ஓரத்துல ஒரு நூல உருவு பாப்போம்," என்றார்.

உருவினேன். வரவில்லை. நகத்தால் கீறினேன். வரவில்லை. நெசவும் இல்லை, நிட்டிங்கும் இல்லை. தறியும் மிஷினும் இராப்பகலாகச் சத்தம் போடும் இந்த ஊரில் நூலே இல்லாமல் ஒரு துணி. ஒரு பக்கம் கனமாக, மறுபக்கம் பட்டின் மினுமினுப்போடு, சின்னச் சின்னச் சுருக்கமாக.  கனமான பக்கத்தில் கொஞ்சம் கிள்ளி அடுப்பில் காட்டினேன். மயிர் கருகும் வாசம் வந்தது.

"கம்பளிங்க. கம்பளிதான் பட்டப் புடிச்சுட்டு இருக்குது."

கருத்தம்மா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "இதுக்குப் போயி இம்புட்டு ஆச்சரியமா. எங்கூர்ல மழைக்கு ஆடு ஒண்ணோட ஒண்ணு ஒரசிக்கிட்டு நின்னா முதுகு மயிரு பூராம் பாயி கணக்கா ஒட்டிக்கிரும்க்கா. கத்திரியப் போட்டாத்தேன் வரும்."

"இத இத்தன நாளாச் சொல்லாம என்னடி பண்ணிட்டு இருந்தே?"

"நீங்க பட்டுன்னுதான சொன்னீக. ஆடுன்னு எப்பச் சொன்னீக?"

தாராபுரம் ரோட்டில் கிடை போட்டிருந்த ஒரு ஆட்டுக்காரரிடம் போய், வெள்ளை ஆடாகப் பார்த்துக் கத்தரித்த மயிர் வாங்கி வந்தோம். அதில் புழுக்கை, முள், மண், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் இருந்தன. அழுக்கு எடுக்க வேண்டும். அழுக்கு எடுப்பதைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருத்தம்மாவின் புருஷன் வீரணன் பிளீச்சிங் பட்டறையில் வேலை செய்கிறவன். காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்கவிட்டால் எந்தத் துணியும் பளிச்சென்று வந்துவிடும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வான். ஒரு டப்பாவில் கொண்டுவந்தும் கொடுத்தான். பருத்தியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். பருத்திக்கு நல்லது ஆட்டுக்கு ஆகாது என்று எங்கள் புத்தியில் எங்கே உதிக்கும்?

பெரிய அண்டாவில் காஸ்டிக்கைக் கரைத்து, மயிர் மொத்தத்தையும் போட்டு, மூடி, இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பிசிறு வெட்டினோம். கொஞ்ச நேரம் கழித்து நான் போய் மூடியைத் திறந்து கட்டையால் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஏங் கருத்தம்மா, மயிர எடுத்து வெளிய வெச்சுட்டியா?"

"நான் எதுக்குக்கா எடுக்கேன்? நீங்கதான அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தீக."

"நான் தண்ணி குடிக்கப் போனேன்."

"அப்ப நான் மட்டும் தூக்கிட்டு ஓடிட்டனாக்கா? ஆட்டு மயிர வச்சு நான் என்ன சடையா பின்னப் போறேன்?"

சண்டை நன்றாகச் சூடு பிடித்திருந்தபோது வீரணன் வந்தான். அண்டாவை எட்டிப் பார்த்தான். அடியில் மஞ்சளாகக் கூழ் மாதிரி ஏதோ இருந்தது. நாற்றம் தாங்கவில்லை.

"கரைஞ்சிருச்சுக்கா," என்றான் மெதுவாக. அன்றைக்கு முழுவதும் அவன் வீட்டுக்குள்ளே வரவில்லை.

சென்னியப்பன் சோற்றில் கை வைத்தபடி சிரித்தார். நிறுத்திவிட்டு ஒரு வாய் உண்டார். மறுபடி சிரித்தார். "ஆட்டையே ஓட்டிட்டு வந்திருந்தா அதையும் கரைச்சிருப்பீங்க," என்றார். எனக்கு அழுகை முட்டியது. சித்திரை பிறந்துவிட்டது. வைகாசி முகூர்த்தம் வாசலில் நிற்கிறது. ஆட்டுக்காரரோ கிடையைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கருத்தம்மாதான் தேடிப் போனாள். ரோடு ரோடாக விசாரித்து, தாராபுரம் தாண்டி ஒரு தோட்டத்தில் அவரைக் கண்டுபிடித்து, முதல் முறையைவிடப் பெரிய மூட்டையோடு வந்து இறங்கினாள். மூட்டையை என் வாசலில் தொப்பென்று போட்டுவிட்டு, "இந்தாங்க. இத நான் களவாண்டுட்டுப் போகல," என்றாள். நான் அவளுக்கு மோர் கரைத்துக் கொடுத்தேன்.

இந்த முறை பூந்திக்கொட்டைதான். பட்டுச்சேலையை அலசுகிற அதே பூந்திக்கொட்டை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, கசக்காமல் எடுத்துக் காயப்போட்டோம். பேன் சீப்பால் சிக்கெடுத்தோம். எங்கள் வீட்டுக் கோரைப்பாயில் மயிரை மெலிசாக நெடுக்கில் ஒரு வரி, அதன்மேல் குறுக்கில் ஒரு வரி பரப்பி, மேலே பட்டை விரித்து, கிழிந்த கொசுவலையால் மூடினோம். சூடான பூந்திக்கொட்டைத் தண்ணீரைத் தெளித்து உள்ளங்கையால் தடவினேன். குழந்தைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி மெதுவாக. பிறகு ஒரு பிவிசி குழாயோடு சேர்த்துப் பாயைச் சுருட்டி, முன்னும் பின்னும் உருட்டினோம். கை வலித்தபோது காலால் உருட்டினோம்.

வலையை விலக்கி ஓரத்தைக் கிள்ளித் தூக்கினேன். மொத்தமும் ஒன்றாக எழுந்து வந்தது.

நான் போட்ட சத்தத்தில் லைன் வீட்டில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். இழுத்தேன், கிழியவில்லை. பிழிந்தேன், பிரியவில்லை. பட்டைக் கம்பளி உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேலே அலை அலையாகச் சுருங்கி மினுங்கியது. கருத்தம்மா என்னைக் கட்டிப்பிடித்தாள். சோப்பு நுரையோடு இரண்டு பேரும் குதித்தோம். எனக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. ஒரு வெட்கமும் தோன்றவில்லை.

காய்ந்த பிறகுதான் கவனித்தோம். பாய் அகலத்துக்குப் பரப்பியது தலைகாணி உறை அளவுக்கு வந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தவர், துணியைக் கையில் வாங்கியதும் மூடிவிட்டார். வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு முனையையும் பிடித்து விசுக்கென்று இழுத்தார். பிறகு எதையோ தேடி உள்ளே போனார். டேப்போடு வந்தார்.

"என்னுங்க பண்றீங்க?"

"ஷ்ரிங்கேஜ் பாக்காம எந்த மாஸ்டராவது கத்திரியத் தொடுவானா? நீ பாட்டுக்குக் குருட்டாம்போக்குல விரிச்சிருக்கறே."

கம்பெனியில் ஒவ்வொரு லாட் துணியிலும் ஒரு சதுரம் வெட்டி, உள்ளே கோடு போட்டு, அலசிக் காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்த பிறகே அவர் கட்டிங் போடுவார். சுருங்குவதுதான் இந்த ஊருக்கே பெரிய சாபம். சுருங்கினால் ரிட்டன். அதற்காகச் சண்டை, கெஞ்சல், தலைவலி. அந்த மனுஷர் அன்றைக்கு என் துணி இன்னும் எவ்வளவு சுருங்கும் என்று ஆசையோடு அளந்துகொண்டிருந்தார். மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, சாப்பாட்டைக்கூட மறந்து எங்களோடு உட்கார்ந்து சதுரம் சதுரமாகச் செய்தார். அவர்தான் கண்டுபிடித்தார்: எந்தப் பக்கமாகச் சுருட்டி உருட்டுகிறோமோ அந்தப் பக்கம்தான் அதிகம் சுருங்குகிறது. பாதி உருட்டலில் பாயைத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்.

"மயிலா, இங்க பாத்தியா, இங்க பாத்தியா," என்று அவர் கூப்பிட்ட கூப்பிடலில், கல்யாணம் ஆன புதிதில்கூட என்னை இப்படிக் கூப்பிட்டதில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய துணியை வீட்டுக்குள் விரிக்க முடியவில்லை. லைன் வீட்டுக்குப் பொதுவான சிமெண்ட் வாசலை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொண்டோம். நான்கு பாயை ஒன்றாகத் தைத்து, அவர் சாக்பீஸால் அளவு போட்டுக் கொடுத்த கட்டத்துக்குள் கம்பளியைப் பரப்பினோம். தம்பியின் கூடு கடைசி ஒன்று வரை அதில் போனது. காற்று அடித்தால் பட்டு பறந்துவிடும் என்று, காற்று வந்த பக்கம் வீரணன் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றான். காஸ்டிக் விவகாரத்துக்குப் பிறகு அவன் சொன்ன வேலையெல்லாம் செய்தான். லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு பாயைக் காலால் உருட்டினோம். யாரோ பாட்டெடுத்தார்கள். வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. கடைசியில் மஞ்சள் கரைத்த அண்டாவில் முக்கி எடுத்தபோது, கம்பளி இளமஞ்சளாகவும் பட்டு பொன்னாகவும் வந்தது. அளந்து பார்த்தார் வீட்டுக்காரர். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கணக்கு அச்சாக வந்திருந்தது.

கொமரலிங்கத்தில் கல்யாணப் பந்தல். வைகாசி வெயில். இணைச்சீருக்குக் கூப்பிட்டார்கள். கையில் பேழை, தோளில் அந்தத் துணியோடு தம்பியின் பக்கத்தில் போய் நின்றேன். வேர்வை முதுகில் ஆறாக ஓடியது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிற மாதமா அது? ஆனாலும் நான் இறக்கவில்லை. பந்தலில் பேச்சு அடங்கியது எனக்குக் கேட்டது.

சுப்பையன் ஓரக்கண்ணால் பார்த்தான். "அக்கா, இது நம்ம கூடுங்களா?" என்றான்.

"நம்ம கூடுதாஞ் சாமி. நிமுந்து நில்லு."

சீர் முடிந்ததும் பொன்னுச்சாமி எழுந்து வந்தார். பஞ்சு வியாபாரி கை சும்மா இருக்காதே. என் தோளில் தொங்கிய முனையைப் பிடித்து, ஓரத்தைத் திருப்பி, ஒரு நூலை உருவப் பார்த்தார். வரவில்லை. மறு ஓரம் பார்த்தார். நகத்தால் கீறினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எந்தத் தறியில கண்ணு நெய்ஞ்சீங்க?"

"தறி இல்லீங்க மாமா. நூலும் இல்லீங்க."

 அவர் முனையை விடவில்லை. விரலால் தடவிக்கொண்டே நின்றார்.  ஜெயித்தாயிற்று. வெயிலும் தாங்கவில்லை. அவர் நகர்ந்ததும் துணியைத் தோளிலிருந்து எடுத்து மடித்து, வைக்க வேறு இடம் இல்லாமல், பேழையில் கூறையின் மேல் வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டுப் பெண்கள் வந்து பேழையை வாங்கிக்கொண்டு மணப்பெண் அறைக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம்தான் உறைத்தது. பேழையில் போனது பெண்ணுக்குச் சொந்தம். திரும்பக் கேட்பது முறையில்லை. உள்ளே வேலாத்தாளைச் சுற்றிப் பொன்னுச்சாமியின் வீட்டுக்காரியும் அவள் சொந்தமும். ஆட்டு மயிரும் பூச்சிக் கூடும் சேர்ந்த அந்தத் துணியைத் தூக்கிக் கூறைக்குப் பக்கத்திலேயே வைக்க விடுவார்களா? மூலையில் வீசிவிட்டால்? நிச்சயத்தன்று கதவோரம் நின்ற அந்த முகம் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.  கருத்தம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, துணி எங்க?" என்றாள். நான் மணப்பெண் அறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

கெட்டிமேளத்துக்கு முன்னால் பெண்ணை அழைத்து வந்தார்கள். கூறை கட்டி, தலை குனிந்து, மெதுவாக நடந்து வந்தாள் வேலாத்தாள். அவள் தோளில் அந்தத் துணி இருந்தது. பக்கத்தில் வந்த பெரியம்மா, "கண்ணு, வெக்கையில இதெதுக்கு, எறக்கி வெய்யி" என்று அதைத் தொட்டாள். வேலாத்தாள் ஒரு முனையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க பெரீம்மா. அவிய வளத்துன பூச்சிங்க," என்றாள்.

சொன்ன குரல் மணவறை வரை கேட்டது. பொன்னுச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் தம்பி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். தாலி கட்டி முடியும் வரை மறுபடி குனியவே இல்லை.

எனக்குக் கண்ணைக் கரித்தது. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் கருத்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நமக்குன்னு ஒண்ணும் மிச்சமில்லையேக்கா," என்றாள் அவள் என் காதில்.

"அடுத்த ஈடு கூடு வரட்டும்டி," என்றேன். "ஓட்ட போட்டா போடட்டும்."

பின்னாலிருந்து சென்னியப்பன் டேப்பை எடுத்து என் தோளை அளந்துகொண்டிருந்தார்.